மாரிக்குக் கொடுத்த சம்பளச் சான்று

2025 ஜூன் 9, திங்கள்

ஏழரைக்கு வர வேண்டிய மாரி இன்று எட்டேகாலுக்கு வந்தாள். அந்த முக்கால் மணி நேரத்தில் நான் நான்கு தடவை பால்கனிக்குப் போய் எட்டிப் பார்த்தேன். கல்யாணமான புதிதில் என் வீட்டுக்காரருக்காகக்கூட இப்படி வழி பார்த்ததில்லை.

என்ன செய்வது? வலது முழங்காலுக்குப் போன வருடம் செயற்கை மூட்டு வைத்தாயிற்று. இடது கால் தன் முறைக்குக் காத்திருக்கிறது. நிற்கலாம், நடக்கலாம், மெதுவாகப் படி ஏறலாம். குனிய மட்டும் முடியாது. கீழே விழுந்த ஸ்பூன், மாரி வரும்வரை கீழேயேதான் கிடக்கும்.

வந்தவளை ஒன்றும் கேட்கவில்லை. அவளே சொன்னாள்: "பஸ்ஸு நிறுத்தாம போயிட்டானுங்கம்மா. நடந்தே வந்துபோட்டேன்."

நேற்று நவநீத் திருப்பூரிலிருந்து ஃபோன் செய்து பழைய பாட்டையே பாடினான். "வேலைக்கு ஆள் வர்ற வரைக்கும் அங்க இருங்கம்மா. ஆள் நின்னுட்டா மறுபேச்சு இல்லாம இங்க வந்துரோணும்." ஒரே மகன். கெட்டவன் இல்லை. ஆனால் அவன் வீட்டில் நான் எப்போதும் விருந்துக்கு வந்த ஒறம்பரைதான். கூப்பிட்டால் சாப்பிட வேண்டும், அவர்கள் பார்ப்பதை டிவியில் பார்க்க வேண்டும், சீக்கிரம் எழுந்தால் சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். துடியலூரில் இருக்கும் இது என் வீடு. சிங்காநல்லூர் மில் ஆபீசில் முப்பத்தொரு வருடம் டைப் அடித்த காசும், அவர் விட்டுப்போன காசும் சேர்ந்த இரண்டு அறை. இதில் நான் கடைசிவரை இருப்பது மாரியின் கையில் இருக்கிறது. அது அவளுக்குத் தெரியுமா என்று தெரியவில்லை. தெரியாமல் இருப்பதே நல்லது.

ஜூன் 14, சனி

மாரி இன்று கால் நகம் வெட்டிவிட்டாள். முக்காலியில் என் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு, "அசையாதீங்கம்மா, சதையில பட்டுரும்" என்று அதட்டினாள். அறுபத்து மூன்று வயதில் என்னை அதட்ட உலகத்தில் மிச்சமிருக்கும் ஒரே ஆள்.

எங்கள் அடுக்கக அசோசியேஷன் கூட்டத்தில் தீர்மானம் போட்ட கூலி: பெருக்கித் துடைக்க, பாத்திரம் கழுவ, வீட்டுக்கு மாதம் இரண்டாயிரத்து ஐநூறு. அதற்கு மேல் யாரும் தரக்கூடாது. தந்தால் 'ரேட்டு கெட்டுப்போகும்'. மின்சாரக் கட்டணம் ஏறலாம், பால் விலை ஏறலாம், பராமரிப்புக் கட்டணத்தை இவர்களே ஏற்றலாம். அதெல்லாம் கெடாது. மாரிக்கு ஐநூறு ஏறினால் மட்டும் கெட்டுவிடும்.

நான் நாலாயிரம் தருகிறேன். இரண்டு வருடமாக. நகம் வெட்டுவது, குளிக்கும்போது முதுகு தேய்ப்பது, கீழே போய்க் காய் வாங்கி வருவது எல்லாம் தீர்மானத்தில் இல்லையே. என் பென்ஷன் முழுதும் அவளுக்குப் போய், வட்டிப் பணத்திலிருந்து ஆயிரம் சேர்க்க வேண்டியிருக்கிறது. போகட்டும். யாரிடமும் சொல்லவில்லை. அவளும் சொல்லவில்லை.

ஜூன் 27, வெள்ளி

மூன்றாவது மாடியில் ஒரு வீட்டில் மாரிக்குத் தனி டம்ளர். சர்வீஸ் பால்கனியில் சோப்புப் பெட்டிக்குப் பக்கத்தில் கவிழ்த்து வைத்திருக்கிறார்களாம். வெறும் செய்தியாகச் சொன்னாள். நான்தான் கொதித்தேன். "என் வீட்டில் அப்படியா?" என்று கேட்டேன். "இல்லீங்கம்மா, நீங்க தங்கமுங்க" என்றாள். கேட்க நன்றாகத்தான் இருந்தது. கேட்டு வாங்கின பாராட்டு என்றாலும்.

ஜூலை 6, ஞாயிறு

மாரியின் மகள் நித்யஸ்ரீ வந்து என் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மார்க். நர்சிங் சீட் கிடைத்திருக்கிறது, மேட்டுப்பாளையம் ரோட்டில் ஒரு காலேஜில். அந்தப் பெண்ணுக்கு நீண்ட விரல்கள். டைப் அடிக்க வந்திருந்தால் நன்றாக அடிப்பாள் என்று சொன்னேன். சிரித்தாள். டைப்ரைட்டரை அவள் பார்த்ததே இல்லையாம். மில் மூடியபோது நான் விலைக்கு வாங்கி வந்த என் மெஷினைக் காட்டினேன். அவள் பெயரை அடித்துக் கொடுத்தேன். மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள்.

அப்பன் கிடையாது. இருக்கிறான், ஆனால் கிடையாது. எல்லாம் மாரிதான். இந்தக் கட்டிடத்தில் ஐந்து வீடு.

ஜூலை 18, வெள்ளி

கல்விக்கடனுக்கு பேங்கில் மாரியின் வருமானத்துக்குச் சான்று கேட்கிறார்கள். வேலை செய்யும் வீட்டுக்காரர்கள் எழுதித் தர வேண்டும், அசோசியேஷன் செயலாளர் சீல் போட வேண்டும். மாதக் கடைசிக்குள் கொடுத்தால்தான் முதல் தவணை காலேஜுக்குப் போகும். இல்லாவிட்டால் சீட் அடுத்தவருக்கு.

மற்ற நாலு வீட்டிலும் வெள்ளைத் தாளில் நாலு வரி கிறுக்கிக் கொடுத்திருக்கிறார்கள். ஒன்றில் தேதிகூட இல்லை. என்னுடையதை நான் மெஷினில் அடித்தேன். ஆங்கிலத்தில், ஓர் அடித்தல் இல்லாமல், இடது ஓரம் நூல் பிடித்த மாதிரி.

சம்பளம் என்ற இடத்தில் நாலாயிரம் என்று அடித்ததைப் பார்த்து மாரி பதறினாள்.

"ஏனுங்கம்மா, ரண்டாயிரத்தி ஐநூறுன்னு போட்டுருங்களே. மத்தவங்க எல்லாம் அப்படித்தானுங்க போட்டிருக்காங்க. செக்ரட்டரி பாப்பாருங்க."

"பார்க்கட்டுமே. கூடப் போட்டால் உனக்குத்தானே லோன் கிடைக்கும்?"

"அதுக்கில்லீங்க…"

"நான் மில்லில் எத்தனை சம்பளச் சான்று அடித்திருப்பேன் தெரியுமா கண்ணு? ஒன்றில்கூடப் பொய் எண் போட்டதில்லை."

அவள் வாளியைத் தூக்கிக்கொண்டாள். துடைக்கிற தண்ணீரை மாற்றப் போய்விட்டாள். பயந்த சுபாவம். யாராவது ஒருவர் துணிந்தால்தான் இவர்களுக்கெல்லாம் விடியும்.

ஜூலை 21, திங்கள்

செயலாளர் கதிர்வேல் வீட்டுக்கு நானே லிஃப்டில் போய்ச் சான்றைக் கொடுத்தேன். பம்ப் உதிரிபாக ஏஜென்சி வைத்திருப்பவர். மரியாதை என்றால் அப்படி ஒரு மரியாதை. நாற்காலியைத் துடைத்துப் போட்டார். காபி வந்தது. கடிதத்தை இரண்டு முறை படித்தார். நாலாயிரம் என்ற இடத்தில் கண் நின்றதைப் பார்த்தேன்.

"ஏனுங்கம்மா, இது நம்ம தீர்மானத்துக்கு…"

நான் சொன்னேன். கால் நகத்திலிருந்து பால் விலைவரை எல்லாவற்றையும் சொன்னேன். கால் மணி நேரம் விடாமல் பேசியிருப்பேன். அவர் தலையைத் தலையை ஆட்டினார்.

"நீங்க சொல்றது வாஸ்தவந்தானுங்கம்மா. குடுத்துட்டுப் போங்க. பாத்துக்கலாங்க."

அவ்வளவுதான். ஒரு ஆள் வாயைத் திறந்து கேட்டால் முடிகிற காரியம்.

ஜூலை 22, செவ்வாய்

மாரியிடம் சொன்னேன். அவள் முகத்தில் சந்தோஷமே இல்லை. "பாத்துக்கலாம்னா சொன்னாருங்க?" என்று மட்டும் கேட்டாள்.

ஜூலை 24, வியாழன்

அசோசியேஷன் வாட்ஸ்அப் குழுவில் கதிர்வேல் போட்டிருக்கிறார். 'அன்புள்ள குடியிருப்போர் அனைவருக்கும் வணக்கம். பணியாளர் ஊதியம் குறித்த தீர்மானத்தைச் சிலர் மீறுவது தெரியவந்துள்ளது. ஞாயிறு காலை பத்து மணிக்குக் கூட்டம். தேநீர் உண்டு.'

என் கடிதத்தின் படமும் கூடவே. என் கையெழுத்து, என் நேரான இடது ஓரம், எல்லாம் நாற்பத்தெட்டு வீட்டு ஃபோனிலும்.

பாத்துக்கலாங்க! பஞ்சுக்குப் பாக்கி கேட்டு வியாபாரிகள் மில்லுக்கு வரும்போது இதே வார்த்தையை எத்தனை பேரிடம் நானே சொல்லி அனுப்பியிருக்கிறேன். முகத்துக்கு நேராக முடியாது என்று சொல்வது மரியாதை இல்லை, அதனால் பார்த்துக்கொள்ளலாம் என்போம். கேட்டவர் புரிந்துகொண்டு எழுந்து போவார். இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவள் எனக்கு ஏன் அன்றைக்குப் புரியவில்லை? நாற்காலியைத் துடைத்துப் போட்டதில் மயங்கிவிட்டேன் போலிருக்கிறது.

ஜூலை 27, ஞாயிறு

கூட்டம் முடிந்து வந்து இரண்டு மணி நேரமாகிறது. கோபம் இன்னும் அடங்கவில்லை. 

ஒருவர்கூடக் குரலை உயர்த்தவில்லை. எல்லாரும் அம்மா, அம்மா என்றார்கள். "தப்பா எடுத்துக்காதீங்கம்மா, எங்க ஊட்டு ஆளும் நாளைக்கே நாலாயிரம் கேக்கறாங்க." "உங்களுக்கு முடியாதுங்கறது எல்லாத்துக்கும் தெரியுமுங்க. ஆனா ஒரு கட்டுப்பாடுன்னு இருக்குதில்லீங்களா." முறுக்கும் தேநீரும் என் பக்கம் முதலில் வந்தன.

கடைசியில் கதிர்வேல் ஒரு வழி சொன்னார். "நாலாயிரம்னு தவறுதலா டைப் ஆயிருச்சு, ரண்டாயிரத்தி ஐநூறுதான் சரின்னு ஒரு வரி எழுதிக் குடுத்துருங்கம்மா. இப்பவே சீல் போட்டுத் தாரேன். அந்தப் புள்ளைக்கு லோனும் கெடைச்சுரும், மாரியும் எப்பவும் போல வரட்டும். உள்ளுக்குள்ள நீங்க என்ன குடுத்தாலும் நாங்க வந்து பாக்கப் போறதில்லீங்க."

தவறுதலாக டைப் ஆயிற்றாம்.

முப்பத்தொரு வருடம். மூன்று மேனேஜர். நான் அடித்த தாளில் தவறு என்று ஒருவர், ஒரே ஒருவர் சொன்னது கிடையாது. எழுந்து நின்று சொன்னேன்: "நான் டைப் அடித்ததில் தவறு இல்லை. தவறு உங்கள் தீர்மானத்தில் இருக்கிறது."

யாரும் கை தட்டவில்லை. "செரிங்கம்மா" என்றார் கதிர்வேல். "அப்ப முடிவாகற வரைக்கும் மாரியோட கேட் அட்டைய நிறுத்தி வெக்கறமுங்க."

ஜூலை 28, திங்கள்

மாரியை செக்யூரிட்டி உள்ளே விடவில்லை. கேட்டுக்கு வெளியே நின்று ஃபோன் செய்தாள். பால்கனியிலிருந்து அவள் தலை மட்டும் தெரிந்தது.

"எழுதிக் குடுத்துருங்கம்மா. ஒரு வரிதானுங்களே. உங்க கால்ல உழுகறேனுங்க."

நான் அவளுக்கு எடுத்துச் சொன்னேன். இன்றைக்குப் பணிந்தால் காலத்துக்கும் இரண்டாயிரத்து ஐநூறுதான். நான் இருக்கிறேன், பயப்படாதே. பேங்கில் நாலு நாள் தவணை கேட்டுக்கொள்ளலாம். சங்கங்களின் பதிவாளருக்கு ஒரு மனு அடிக்கிறேன்.

"மனுவெல்லாம் எதுக்குங்கம்மா" என்றாள். அழுதாளா? ரோட்டில் லாரி போன சத்தத்தில் கேட்கவில்லை.

ஜூலை 30, புதன்

மனு மூன்று பக்கம் வந்திருக்கிறது. இரண்டாவது பக்கம் நன்றாக அமைந்துவிட்டது. வீடு பெருக்காமல் மூன்று நாள். சிங்கில் பாத்திரம்.

ஜூலை 31, வியாழன்

மனுவில் ஒரு பத்தி சரியில்லை. மறுபடி அடித்தேன்.

ஆகஸ்ட் 2, சனி

இரண்டாவது மாடி சாஜிதா பேகம் எனக்கு இடியாப்பம் கொண்டு வந்தாள். மாரி வேலை செய்த ஐந்து வீட்டில் அவளுடையதும் ஒன்று. சமையலறையைப் பார்த்துவிட்டு, நின்றபடியே பாத்திரத்தைக் கழுவ ஆரம்பித்துவிட்டாள். முதுகைக் காட்டிக்கொண்டுதான் சொன்னாள்:

"முத்தக்கா, நானும் மாரிக்கு மூவாயிரத்து ஐநூறு குடுத்துட்டு இருந்தேன்."

ஈரம் துடைக்கும் துணியை எடுத்து அவள் பக்கத்தில் வைத்தேன்.

"நாலாவது மாடியில மூவாயிரம். கதிர்வேல் வீட்டம்மா அவங்க ஆளுக்கு வருஷத்துக்கு ரெண்டு சேலை, ஸ்கூல் ஃபீஸ். எல்லாரும் குடுக்கறதுதான்க்கா. யாரும் எழுதறதில்ல."

பிறகு கையைத் துடைத்துக்கொண்டு இன்னொன்றும் சொன்னாள். நாலு வீட்டுக்காரர்களும் நேற்று வேலைக்கு ஆள் அனுப்பும் ஒரு ஏஜென்சியில் பேசிவிட்டார்கள். அவளும்தான். "நான் மட்டும் தனியா நிக்க முடியாதுக்கா. எங்க வீட்டுக்காரர் வேண்டாம்னுட்டார்." பேங்கில் கடைசி நாள் முந்தாநாளோடு போயிற்று என்றும் அவள்தான் சொன்னாள். மாரி அவளிடம் அழுதிருக்கிறாள். என்னிடம் அழவில்லை.

முந்தாநாள் நான் என்ன செய்துகொண்டிருந்தேன்? பத்தி திருத்திக்கொண்டிருந்தேன்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப் பதினெட்டு. கீழே பெண்கள் பட்டுடுத்திக் கோயிலுக்குப் போகிறார்கள். கதிர்வேல் வீட்டுக்குப் போனேன். 'தவறுதலாக' என்று ஒரு தாளில் அடித்து எடுத்துக்கொண்டு போனேன். அந்த ஒரு வார்த்தையை அடிக்க எவ்வளவு நேரம் ஆயிற்று? நாலு விநாடி. நாலே விநாடி.

நாற்காலி துடைத்துப் போட்டார். காபி வந்தது. தாளைப் படித்துவிட்டு என் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்.

"இனி இது எதுக்குங்கம்மா. எல்லா ஊட்டுலயும் ஏஜென்சி ஆள் வந்துட்டாங்க. உங்களுக்கும் சொல்லட்டுங்களா?"

"மாரியின் அட்டை?"

"பாத்துக்கலாங்க."

இந்தத் தடவை புரிந்தது. எழுந்து வந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 9, சனி

ஆட்டோ பிடித்து மாரி வீட்டுக்குப் போனேன். ரயில்வே லைனுக்கு அந்தப் பக்கம் வரிசை வீடு. இரண்டு வருடத்தில் ஒரு தடவைகூட நான் அங்கே போனதில்லை. வழி கேட்டுத்தான் போக வேண்டியிருந்தது.

"வாங்கம்மா, வாங்கம்மா" என்று ஓடி வந்தாள். இருந்த ஒரே பிளாஸ்டிக் நாற்காலியை எனக்குப் போட்டாள். அவளும் அதைத் துடைத்துத்தான் போட்டாள். நித்யஸ்ரீ வீட்டில் இல்லை. ஆர்.எஸ்.புரத்தில் ஒரு பட்டுக்கடையில் சேர்ந்துவிட்டாளாம். காலை ஒன்பதிலிருந்து இருட்டும்வரை நின்றுகொண்டே வேலை.

"அடுத்த வருஷம் சேர்ந்துக்கலாமே?" என்று கேட்டேன்.

"பாக்கலாமுங்க."

ஒரு வாரமாக அலைந்தும் பக்கத்து அடுக்ககங்களில் மாரிக்கு வேலை கிடைக்கவில்லை. எல்லா செயலாளர்களும் ஒரே குழுவில் இருக்கிறார்கள். நாலாயிரம் கேட்கிற ஆள் என்று பெயர் போயிருக்கிறது. அவள் கேட்டதே இல்லை. நானாகக் கொடுத்தது. நூல் கழிவு பிரிக்கிற கம்பெனிக்கு நாள் கூலிக்குப் போகிறாள். பஞ்சுத் தூசியில் இருமிக்கொண்டே பேசினாள்.

என் தப்பு மாரி என்று சொன்னேன். சொல்லும்போது அழுதுவிட்டேன். அவள் எழுந்து வந்து என் முதுகைத் தடவிக் கொடுத்தாள். அப்போதுதான் சொன்னாள், கோபமே இல்லாமல்:

"நீங்க நல்லதுதானுங்க நெனச்சீங்க. ஆனா எனக்கு அஞ்சு ஊடு போச்சுங்க. உங்களுக்கு ஒரு ஆளுதானுங்களே போச்சு."

வீட்டுக்கு வந்து உக்காந்திருக்கேன்.  அவ திட்டியிருந்தா தேவலை. வாசல்ல நிக்க வெச்சு திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

மாரிக்குப் பத்தாயிரம் அனுப்பினேன். திருப்பி அனுப்பிவிட்டாள். 'வேண்டாமுங்க அம்மா, நீங்க வெச்சுக்கோங்க, கால் ஆபரேசனுக்கு ஆகும்' என்று நித்யஸ்ரீயின் ஃபோனிலிருந்து குரல் செய்தி.

ஆகஸ்ட் 20, புதன்

வேறு வழியில்லாமல் ஏஜென்சிக்காரனைக் கூப்பிட்டேன். சட்டை இன் செய்த பையன் ஒரு காகிதத்தோடு வந்தான். வீட்டுக்கு மாதம் ஐயாயிரத்து ஐநூறு, வரி தனி. தீர்மானம் என்னாயிற்று என்று கேட்டேன். அது நேரடியாக வைக்கும் ஆட்களுக்குத்தானாம், ஏஜென்சிக்கு இல்லையாம். அதில் அந்தப் பெண்களுக்கு எவ்வளவு போகிறது என்று கேட்டதற்கு, "அது எங்க பாலிசிங்கம்மா" என்றான்.

ஆக, இந்தக் கட்டிடத்தில் மாரிக்கு நாலாயிரம் கொடுப்பதுதான் அநியாயம். ரேட்டு கெடாமல் இருக்க எல்லாரும் சேர்ந்து தீர்மானக் கூலியைப் போல இரண்டு மடங்குக்கு மேல் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

நானும் கையெழுத்துப் போட்டேன்.

செப்டம்பர் 2, செவ்வாய்

பத்து நாளில் நாலு பெண்கள் மாறிவிட்டார்கள். இன்று வந்தவள் பெயர் ஷைமா. முப்பத்தைந்து நிமிடம் கடிகாரம் பார்த்து வேலை செய்கிறாள். நல்ல பெண்தான், அடுத்த வீட்டுக்கு ஓட வேண்டும். முதுகு தேய்ப்பதெல்லாம் கேட்கவே முடியாது. அவள் போன பிறகு தரை ஈரம் காய நான் சோபாவில் காலைத் தூக்கி வைத்து உட்கார்ந்திருக்கிறேன்.

செப்டம்பர் 11, வியாழன்

நகத்தை நானே வெட்டப் பார்த்தேன். முக்காலி சறுக்கியது. அதிகம் ஒன்றுமில்லை, இடுப்பில் ரத்தம் கட்டியிருக்கிறது. ஆனால் எழுந்திருக்க முடியவில்லை. ஒன்றரை மணி நேரம் தரையில் கிடந்தேன். ஃபோன் மேசை மேல். சாஜிதா வீட்டுக் குக்கர் விசில் கேட்டது. கூப்பிட்டுப் பார்த்தேன், யாருக்கும் கேட்கவில்லை. பதினோரு மணிக்கு ஷைமா வந்து, செக்யூரிட்டியிடம் சாவி வாங்கித் திறந்தாள்.

செப்டம்பர் 12, வெள்ளி

நவநீத் வந்துவிட்டான். சத்தம் போடவில்லை. இடுப்பைப் பார்த்துக் கண் கலங்கினான். "போதுமுங்கம்மா" என்றான். நானும் போதும் என்றுதான் நினைக்கிறேன்.

செப்டம்பர் 21, ஞாயிறு

வீட்டை வாடகைக்கு விட்டாயிற்று. டைப்ரைட்டரைப் பழைய சாமான்காரன் எடை போட்டு எடுத்துக்கொண்டான். நான்தான் கொடுக்கச் சொன்னேன்.

அக்டோபர் 5, ஞாயிறு. திருப்பூர்

வெயில் படாத அறை, ஆனால் சுத்தமாக இருக்கிறது. மருமகள் பிரவீனா தினமும் கேட்கிறாள்: "அத்தை, எதாச்சும் வேணுங்களா?" ஒன்றும் வேண்டாம் கண்ணு என்கிறேன். நவநீத், பிரவீனா இரண்டு பேரும் பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசர், வெளிநாட்டு ஆர்டர்களைப் பார்க்கிற வேலை. காலை எட்டரைக்குப் போனால் இரவுதான். பகல் முழுதும் நானும் சுப்பாத்தாளும். சுப்பாத்தாள் இங்கே வேலைக்கு வருபவள். அவளிடம் நான் சம்பளம் கேட்கவில்லை. தெரிந்துகொள்ள விருப்பமில்லை.

அக்டோபர் 19, ஞாயிறு

தீபாவளிக்கு ஊருக்குப் போன சுப்பாத்தாள் இனி வரமாட்டாளாம். மகளுக்குப் பிரசவம். ஆள் கிடைக்கும்வரை பாத்திரத்தை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று நானாகத்தான் சொன்னேன். நின்றுகொண்டு செய்கிற வேலைதானே. இவர்கள் சோற்றைச் சும்மா தின்கிறோம் என்றிருந்தது.

நவம்பர் 8, சனி

நவநீத் புது மாப் வாங்கி வந்திருக்கிறான். வாளியிலேயே சுற்றிப் பிழிந்துகொள்கிறது. "குனிய வேண்டியதே இல்லீங்கம்மா, பாருங்க" என்று ஹாலில் ஓட்டிக் காட்டினான். பிரவீனா சொன்னாள்: "டாக்டரும் நடக்கச் சொன்னாருங்கல்ல அத்தை. உங்களுக்கும் பொழுது போகும்."

வேலைக்கு ஆள் பார்க்கிற பேச்சு இப்போது வீட்டில் வருவதில்லை. மறைத்து வைத்துக்கொண்டு பேசாமல் இருக்கிறார்கள் என்று சொல்ல மாட்டேன். மறந்துவிட்டார்கள்.

நவம்பர் 23, ஞாயிறு

காரில் மாட்டும் பின்கேமராவுக்குக் காசு சேர்ந்துவிட்டது என்று நவநீத் பிரவீனாவிடம் சொல்லிக்கொண்டிருந்தான். சுப்பாத்தாள் சம்பளம் மிச்சமாம். அது என் காதில் விழுந்தது அவர்களுக்குத் தெரியாது.

நித்யஸ்ரீ எண்ணுக்குக் கூப்பிட்டேன். எண் உபயோகத்தில் இல்லை என்கிறது.

டிசம்பர் 3, புதன்

காலை பதினொரு மணி இருக்கும். ஹாலைப் பாதி துடைத்துவிட்டு, குப்பை வாளியை லிஃப்ட் பக்கத்தில் வைக்கப் போனேன். முந்தானையை இடுப்பில் செருகியிருந்தேன், கையெல்லாம் ஈரம். எதிர் வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த பெண் கதவைத் திறந்து என்னைப் பார்த்துச் சிரித்தாள். முப்பது வயது இருக்கும். இடுப்பில் குழந்தை.

"ஏனுங்கம்மா, இந்த ஊட்டுல எத்தன நாளா செய்யறீங்க?"

"ரெண்டு மாசமாச்சுங்க."

"வேற ஊடு பாப்பீங்களா? எங்களுக்குப் பெருக்கித் தொடைக்கோணும், பாத்திரம் அவ்வளவா இருக்காதுங்க."

"முடியாது கண்ணு. கால் வலி."

"அப்புடீங்களா." அவளுக்கு உண்மையாகவே வருத்தம். "இவங்க எவ்வளவு குடுக்கறாங்கன்னு தெரிஞ்சுக்கலாங்களா? இங்க என்ன ரேட்டுன்னே தெரியலீங்க."

நான் மாமியார் என்று சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. சொன்னால் அந்தப் பெண் கூசிப்போவாள், சாயங்காலம் பிரவீனாவிடம் மன்னிப்புக் கேட்பாள், பிரவீனா என் முகத்தைப் பார்க்க முடியாமல் நிற்பாள், நவநீத் அந்த மாப்பைத் தூக்கி எங்காவது போடுவான், எல்லாரும் இரண்டு நாள் என்னிடம் மெதுவாகப் பேசுவார்கள். அதற்கெல்லாம் எனக்குத் தெம்பு இல்லை.

"இன்னும் பேசலீங்க" என்றேன்.

"ஐயோ, மொதல்லயே பேசிருக்கோணுமுங்க. நல்லவங்கதான்னு உட்டுட்டா அப்பறம் கேக்கவே முடியாது."

"செரிங்க" என்றேன். லிஃப்ட் வந்தது. அவள் குழந்தையோடு ஏறிக்கொண்டாள். நான் உள்ளே வந்து மீதி ஹாலைத் துடைத்தேன்.